பெட்டி மேல போட்ட வாட்ஸை நம்பி சப்வூஃபரை எரிக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க வாகன பக்கத்துல கார் ஆடியோ பத்தி எது வந்தாலும் விடாம படிக்கறவன் நான். விளம்பரமா இருந்தாலும் சரி புதுசா வந்த சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்குன்னே இருக்கற பெரிய ஸ்பீக்கர், சுருக்கமா சப்) பத்தின குறிப்பா இருந்தாலும் சரி, 1200 வாட்ஸ், 2000 வாட்ஸ்னு ஒரே ஒரு நம்பர்தான் கொட்டை எழுத்துல இருக்கு, அது எவ்வளவு நேரத்துக்கு தாங்கற பவர், எத்தனை ஓம்ஸ் மின்தடைல, எந்த மாதிரி பாக்ஸ்லன்னு ஒரு வார்த்தை கிடையாது. இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன், போன மாசம் எங்க வீட்டுலயே ஒரு சப் கருகிப் போச்சு, அதுக்கப்புறம் தள்ளிப் போட மனசு வரல.

என் அக்கா பையன் ஒரு 12 இன்ச் சப் வாங்கினான். ரொம்ப ஆசையா காசு சேர்த்து வாங்கினது. பெட்டி மேல 1200 வாட்ஸ்னு இருந்துச்சு. ஆம்ப், அதாவது பாட்டு சிக்னலை பெருக்கி சப்புக்கு பவர் குடுக்கற ஆம்ப்ளிஃபயர், 2 ஓம்ஸ்ல 500 வாட்ஸ் குடுக்கும்னு அதோட புக்லெட்ல இருந்துச்சு. டிக்கியில பாக்ஸை வச்சு ஃபிட் பண்ணினவர் ஆம்ப்ல சிக்னலை எவ்வளவு பெருக்கணும்னு வைக்கற கெயின் திருகை முழுசா திருப்பி விட்டு, ஆழமான சத்தத்தை மட்டும் ஏத்தற பேஸ் பூஸ்டையும் கடைசி வரைக்கும் ஏத்தி விட்டு, கேட்டுப் பாருங்க தம்பின்னு சொல்லி அனுப்பிட்டார். மூணே வாரம். ஒரு நாள் நைட் போன் பண்ணி, மாமா டிக்கியில ஏதோ கருகுற வாசனை வருது, பேஸ் வேற ஒரு மாதிரி கரகரன்னு கேக்குதுங்கறான். மறுநாள் கழட்டிப் பார்த்தேன். கோனை ரெண்டு கையாலயும் மெதுவா அழுத்தினா உள்ள உரசுற சத்தம் கையிலயே தெரியுது, மல்டிமீட்டர் வச்சா, கோனை ஆட்டற ரெண்டு கம்பிச் சுருள்ல (காயில்) ஒண்ணு ஓபன், ரீடிங்கே இல்ல. கோனோட ஓரத்துல இருக்கற வளையத்தை (சரவுண்ட்) அறுத்து கோனை எடுத்துப் பார்த்தா வாய்ஸ் காயில் கரிக்கட்டை மாதிரி கறுத்து, சுத்து எல்லாம் பசை விட்டு தளர்ந்து, அது சுத்தியிருக்கற குழாய் (ஃபார்மர்) ஒரு பக்கம் வீங்கி மேக்னட் கேப்ல உரசியிருக்கு.

அப்ப அவன் கேட்டான், மாமா 1200 வாட்ஸ் தாங்கும்னுதானே போட்டிருக்கான், நான் 500 தானே குடுத்தேன், அப்புறம் ஏன் எரிஞ்சுதுன்னு. அந்த பையன் மேல எனக்கு கோவமே வரல சார். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதுக்கு பதில் அந்த பெட்டிக்குள்ள இருந்த புக்லெட்லயே பொடி எழுத்துல இருந்துச்சு, ஆர்எம்எஸ் 300 வாட்ஸ்னு. வெளிய போட்ட 1200, பீக் பவர். அதாவது பாட்டுல டம்முனு ஒரு அடி விழுதே, அந்த கண நேரத்துக்கு மட்டும் வந்துட்டு போற பவர். தொடர்ந்து போட்டு வச்சா தாங்கறது 300தான். அதுல கூட பாக்ஸும் சிக்னலும் ஒழுங்கா இருக்கணும்.

ஏன் தாங்காதுன்னு கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும், ஏன்னா இது புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் தானா புரிஞ்சுடும். சப்வூஃபர் வாங்கற கரண்டுல சத்தமா மாறி வெளிய வர்றது ஒரு சதவீதம் அந்த மாதிரிதான், பல சப்ல அதுவும் இல்ல. 300 வாட்ஸ் குடுத்தா கிட்டத்தட்ட 297 வாட்ஸ் சூடாத்தான் போகும், அந்த சூடு முழுக்க உக்கார்ற இடம் ரெண்டு மூணு விரல் கடை அகலம் உள்ள ஒரு செம்புக் கம்பி சுருள். 25 வாட்ஸ் சோல்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கிடுது, இஸ்திரிப் பெட்டி 750, 1000 வாட்ஸ்ல துணியை பொசுக்கிடுது, அதை வச்சு யோசிச்சுப் பாருங்க. காயில்லேர்ந்து சூடு சுத்தி இருக்கற இரும்புக்கும் மேக்னட்டுக்கும் போகணும், கோன் முன்ன பின்ன போய் வரும்போது உள்ள இருக்கற காத்து அடிச்சு கொஞ்சம் ஆத்தும், அவ்வளவுதான் அதுக்கு இருக்கற கூலிங். ரெண்டு செகண்ட் 1000 வாட்ஸ் வந்தா காயில் பொறுத்துக்கும், ரெண்டு நிமிஷம் விடாம வந்தா கம்பி மேல இருக்கற வார்னிஷும் பசையும் இளகிடும். கருகுற வாசனை அதுதான்.

அந்த வாசனை வர்றதுக்கு முன்னாடியே இன்னொரு அறிகுறி இருக்கு, நிறைய பேர் கவனிக்க மாட்டாங்க. செம்பு சூடாக சூடாக அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம். 20 டிகிரில இருந்து 220 டிகிரிக்கு காயில் போச்சுன்னா ரெசிஸ்டன்ஸ் முக்கால் மடங்குக்கு மேல கூடிடும், 3.5 ஓம்ஸ் இருந்தது 6.2 ஓம்ஸ் ஆயிடும். ஆம்ப் அதே வோல்டேஜைத்தான் குடுக்குது, அதனால போற பவர் பாதிக்கு கொஞ்சம் மேலன்ற அளவுக்கு இறங்கிடும், சத்தம் ரெண்டரை டெசிபெல் குறையும். கொஞ்ச நேரம் ஓடினப்புறம் பேஸ் மொத மாதிரி இல்லையே, டல்லடிக்குதேன்னு தோணுது பாருங்க, அதுதான் இது. அப்ப என்ன பண்றோம், வால்யூமை ஏத்தறோம். சப் மூச்சு வாங்கிட்டு நிக்கற நேரத்துல இன்னும் சுமையை ஏத்தி வைக்கறோம். அந்த நேரத்துல பத்து நிமிஷம் சத்தத்தை குறைச்சு விட்டிருந்தா எங்க பையனோட சப் இன்னைக்கும் ஓடிட்டு இருக்கும்.

இப்ப கிளிப்பிங். இதுல கேள்விப்பட்ட கதைகள் ரொம்ப அதிகம். ஆம்ப்னால குடுக்க முடிஞ்ச வோல்டேஜுக்கு ஒரு உச்சம் இருக்கு, அதுக்கு மேல கேட்டா அலையோட தலையும் அடியும் வெட்டுப்பட்டு தட்டையாயிடும். நிறைய பேர் அப்ப டிசி (ஒரே திசையில ஓடற கரண்ட்) வந்துடும், டிசிதான் காயிலை எரிக்குதுன்னு சொல்றாங்க. நல்லா இருக்கற ஆம்ப் கிளிப் ஆனா டிசி வராது, அலை மேலயும் கீழயும் மாறிட்டுதான் இருக்கு. விஷயம் என்னன்னா உச்சம் ஒண்ணா இருந்தாலும் வளைஞ்ச சைன் அலையை விட சதுரமான அலைக்கு பவர் ரெண்டு மடங்கு. சுத்தமா 500 வாட்ஸ் குடுக்கற ஆம்பை முழுசா வெட்டுப்படற வரைக்கும் திருகினா கணக்குப்படி 1000 வரைக்கும் போகும். நிஜத்துல வண்டி வோல்டேஜ் இறங்கிடும், காயில் ஓம்ஸ் ஏறிடும், அவ்வளவு முழுசா வந்திருக்காது, ஆனா 300 வாட்ஸ் காயிலுக்கு 500ஏ அதிகம், அதுவும் ஒரு பாட்டு பூரா.

அதே காரணத்தால இன்னொரு பேச்சையும் திருத்தணும். சின்ன ஆம்ப் போட்டா சப் எரிஞ்சுடும்னு சொல்வாங்க. குறைஞ்ச பவரால எந்த சப்பும் எரியாது, அப்படி எரியும்னா மெதுவா பாட்டு வைக்கற ஒவ்வொருத்தர் சப்பும் எரிஞ்சிருக்கணும். 100 வாட்ஸ் ஆம்பை முழுசா கிளிப் பண்ணினாலும் 200 வாட்ஸ்தான், 500 வாட்ஸ் ஆர்எம்எஸ் சப்புக்கு அது ஒண்ணுமே இல்ல, கேக்க கொடூரமா இருக்கும், அவ்வளவுதான். ஆபத்து எங்கன்னா ஆம்போட பவரும் சப்போட பவரும் கிட்ட கிட்ட இருந்து, சத்தம் பத்தலன்னு கெயினை ஏத்திட்டே போறது. அதனால சப் ஆர்எம்எஸ்ஸை விட கொஞ்சம் பெரிய ஆம்பை வாங்கி கெயினை கம்மியா வச்சு ஓட்டறது நல்ல பழக்கம்தான், ஆனா அந்த கெயின்ல கை வைக்காம இருக்க தெரியணும்.

என்ன பாட்டு கேக்கறோம்ங்கறதும் இதுல சேரும். வாத்தியங்கள் நிறைஞ்ச பாட்டுல உச்சத்துக்கும் சராசரிக்கும் பத்து மடங்கு பவர் வித்தியாசம் சாதாரணமா இருக்கும், 300 வாட்ஸ் உச்சம்னா சராசரி 30தான் போகும். இப்ப பேஸுக்குன்னே பண்ற டிராக்குகள் அப்படி இல்ல, ஒரே ஆழமான நோட்டு மூணு நாலு செகண்ட் இழுத்துட்டு நிக்கும், அது கிட்டத்தட்ட டெஸ்ட் டோன் போட்ட மாதிரி, உச்சத்துல பாதி சராசரியாவே போய்டும். ஒருத்தர் நாலு வருஷமா இதே செட்டிங்ல ஓட்டறேன் ஒண்ணும் ஆகலம்பாரு, அவர் கேக்கற பாட்டு வேற, அக்கா பையன் கேட்ட பாட்டு வேற.

பேஸ் பூஸ்ட்னு ஒரு திருகு இருக்கே, அதுல 3 டெசிபெல் ஏத்தினா பவர் ரெண்டு மடங்கு, 6 ஏத்தினா நாலு மடங்கு, 12 ஏத்தினா கிட்டத்தட்ட பதினாறு மடங்கு. 45 ஹெர்ட்ஸ் பக்கம் 12 டெசிபெல் ஏத்தி விட்டா 20 வாட்ஸ் போக வேண்டிய இடத்துல 320 வாட்ஸ் கேக்குது. எங்க பையன் ஆம்ப்ல அது கடைசி வரைக்கும் இருந்துச்சுன்னு சொன்னேனே. என்னைக் கேட்டா அந்த திருகை பூஜ்யத்துல வச்சுட்டு மறந்துடணும்.

இது வரைக்கும் சொன்னது சூட்டால சாகறது. இன்னொரு விதமாவும் சப் சாகும், அதுக்கும் வாட்ஸ் நம்பருக்கும் சம்பந்தமே இருக்காது. கோன் எவ்வளவு தூரம் முன்ன பின்ன போகலாம்னு ஒரு எல்லை இருக்கு, எக்ஸ்மேக்ஸ்னு மில்லிமீட்டர்ல புக்லெட்ல போட்டிருப்பாங்க. அதே சத்தத்தை பாதி ஃப்ரீக்வென்சில எடுக்கணும்னா கோன் நாலு மடங்கு தூரம் போகணும், 60 ஹெர்ட்ஸ்ல 3 மில்லிமீட்டர் போனா போதும்னா 30ல 12 போகணும். மூடின பாக்ஸ்னா உள்ள இருக்கற காத்தே ஸ்பிரிங் மாதிரி கோனை பிடிச்சு நிறுத்தும். போர்ட் (காத்து போக வர ஒரு துளை) வச்ச பாக்ஸ்ல, போர்ட் டியூன் பண்ணின ஃப்ரீக்வென்சி பக்கத்துல கோன் அடங்கி இருக்கும், அதுக்கு கீழ இறங்கிட்டா பிடிக்க ஆளே இல்ல, பாக்ஸ் இல்லாம வெளிய வச்சு அடிக்கற மாதிரிதான். 35 ஹெர்ட்ஸ்ல டியூன் பண்ணின பாக்ஸ்ல 20 ஹெர்ட்ஸ் அனுப்பினா ஆர்எம்எஸ்ல பாதி பவருக்கே கோன் எல்லையைத் தாண்டி, ஃபார்மர் பின்னாடி இருக்கற தட்டுல போய் டக்கு டக்குன்னு இடிக்கும். அந்த சத்தம் கேட்டா உடனே குறைக்கணும், அடுத்த பாட்டு வரைக்கும் பொறுக்கக் கூடாது. கோனை பின்னாடி நடுவுல பிடிச்சிருக்கற ஸ்பைடர் கிழியும், காயில் கோணும், கோனுக்கு போற ஒயர் அறுந்து போகும். இதுக்குத்தான் ஆம்ப்ல ரொம்ப ஆழமான சத்தத்தை வெட்டி விடற சப்சானிக் ஃபில்டர் வச்சிருக்காங்க, போர்ட் டியூனிங்குக்கு அஞ்சு ஹெர்ட்ஸ் மாதிரி கீழ செட் பண்ணிட்டா போதும். போர்ட் பாக்ஸ் வச்சிருக்கறவங்க இதை ஆஃப்ல விட்டு ஓட்டறதை பாக்கறப்போ எனக்கு பதறும்.

அப்படின்னா 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் சப்னு சொல்றதே பாதி கதைதான். 300 வாட்ஸை காயில் சூட்டுல தாங்கும், கோன் தாங்குமாங்கறதை பாக்ஸ்தான் சொல்லும். கம்பெனி புக்லெட்ல எந்த பாக்ஸுக்கு எத்தனை லிட்டர்னு ஒரு பக்கம் இருக்கும், அதை யாரும் பாக்கறதில்ல, கையில கிடைச்ச பாக்ஸ்ல திணிச்சுடறாங்க.

ஓம்ஸ் விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன். ரெண்டு காயில் இருக்கற சப்ல, ஒவ்வொண்ணும் 4 ஓம்ஸ்னா பேரலலா சேர்த்தா 2, சீரிஸ்ல சேர்த்தா 8. அந்த மாதிரி ரெண்டு சப் எல்லாம் பேரலல்னா 1 ஓம். 2 ஓம்ஸ் வரைக்கும்தான் தாங்கும்னு போட்ட ஆம்ப்ல 1 ஓம் கட்டினா மொதல்ல ஆம்ப் போகும், போகும்போது டிசியைத் தள்ளி சப்பையும் கூட்டிட்டு போயிடலாம். கெட்டுப்போன ஆம்ப்லேர்ந்து வர்ற டிசி நிஜமாவே காயிலை எரிக்கும், மேல நான் சொன்ன கிளிப்பிங் வேற இது வேற. அப்புறம், ரெண்டு காயில் சப்ல போட்டிருக்கற ஆர்எம்எஸ் பெரும்பாலும் ரெண்டுக்கும் சேர்த்துத்தான், ஒவ்வொரு காயிலுக்கும்னு நெனச்சு ரெட்டிப்பாக்கிடக் கூடாது.

கெயின் எப்படி வைக்கணும்னு பையனுக்கு செஞ்சு காட்டினேன், உங்க வாசகர்களுக்கும் உதவும். வாட்ஸை ஓம்ஸால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா ஆம்ப் குடுக்க வேண்டிய வோல்டேஜ். 300 வாட்ஸ், 2 ஓம்ஸ்னா 600க்கு வர்க்கமூலம், 24.5 வோல்ட். அதே 300 வாட்ஸ் 4 ஓம்ஸ்னா 34.6 வோல்ட். சப் ஒயரை ஆம்ப்லேர்ந்து கழட்டிடணும், பேஸ் பூஸ்ட் பூஜ்யம், ஸ்டீரியோல ஈக்வலைசர் எல்லாம் ஃப்ளாட், வால்யூம் முக்கால் அளவு, இஞ்சின் ஓடணும், 40 அல்லது 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை போட்டுட்டு மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு ஸ்பீக்கர் டெர்மினல்ல பிடிச்சுக்கிட்டு, கெயினை கீழேர்ந்து மெதுவா ஏத்தி அந்த நம்பர் வந்ததும் நிறுத்திடணும். அதோட அந்த திருகை விட்டுடணும். கெயின்ங்கறது வால்யூம் இல்ல, ஸ்டீரியோலேர்ந்து வர்ற சிக்னலுக்கு ஆம்பை பொருத்தி வைக்கற இடம். அலை வெட்டுப்படுதான்னு மல்டிமீட்டர் காட்டாது, அதுக்கு ஆசிலோஸ்கோப் வேணும், ஆனா ஆம்புக்கு சுத்தமா குடுக்க முடிஞ்சதை விட கீழ நம்பர் வச்சா அந்த பயம் பெரும்பாலும் போயிடும். எங்க பையனோட ஆம்ப் 500 குடுக்கும், நாங்க 300ல நிறுத்தியிருந்தா போதும், நிறைய இடம் மிச்சம் இருந்திருக்கும்.

ஆம்ப் மேல போட்டிருக்கற வாட்ஸ் நெஜமான்னு பாக்க ஒரு எளிய வழி இருக்கு, அதோட ஃப்யூஸைப் பாருங்க. அவன் ஆம்ப்ல ரெண்டு 25 ஆம்பியர் ஃப்யூஸ், மொத்தம் 50. வண்டி ஓடும்போது 14 வோல்ட்னு வச்சா 700 வாட்ஸ் உள்ள போகும், பவரை கம்மியா வீணாக்கற கிளாஸ் டி வகை ஆம்ப்னா எண்பது சதவீதம் வெளிய வரும்னு வச்சாலும் 560. புக்லெட்ல 500னு போட்டிருந்தது நம்பற மாதிரி இருக்கு. இதே அளவு ஃப்யூஸை வச்சுக்கிட்டு மேல 3000 வாட்ஸ்னு அச்சடிச்ச ஆம்பும் என் கண்ணால பார்த்திருக்கேன். இது தோராயக் கணக்குதான், ஆனா பெரிய பொய் இதுல உடனே தெரிஞ்சுடும். ஒயரும் அப்படித்தான், 1000 வாட்ஸ் ஆர்எம்எஸ் ஆம்ப் முழு பலத்துல 90 ஆம்பியர் கிட்ட இழுக்கும், அலுமினியம் மேல செம்பு பூசின மெல்லிசு ஒயர்ல வோல்டேஜ் வழியிலயே தேஞ்சு போய் ஆம்ப் சீக்கிரமே கிளிப் ஆகும், ஹெட்லைட் பேஸுக்கு தகுந்த மாதிரி மங்கி மங்கி எரிஞ்சா அதை அலட்சியப்படுத்தாதீங்க. பேட்டரிலேர்ந்து ஒன்றரை அடிக்குள்ள ஒரு ஃப்யூஸ் கண்டிப்பா இருக்கணும். அது இல்லாம ஒயர் எங்கயாவது தகரத்துல உரசிட்டா போறது சப் இல்ல, வண்டியே.

இவ்வளவு வாட்ஸ் ஏத்தி என்ன கிடைக்குதுன்னும் பாருங்க. 300ஐ 600 ஆக்கினா கூடறது 3 டெசிபெல், காதுக்கு லேசா தெரியும், அவ்வளவே. ரெண்டு மடங்கு சத்தம்னு காது சொல்லணும்னா பத்து மடங்கு பவர் வேணும். ஆனா அதே 300 வாட்ஸை ரெண்டு சப்புக்கு பிரிச்சு 150, 150னு குடுத்தீங்கன்னா பக்கத்துல பக்கத்துல இருக்கும்போது அதே 3 டெசிபெல் கிடைக்கும், ஒவ்வொரு காயிலும் பாதி சூட்டுல நிம்மதியா ஓடும். ஒரு சப்பை சாகற வரைக்கும் அடிக்கறதுக்கு பதிலா இப்படி போறதுதான் எனக்கு சரின்னு படுது, இடம் அடைக்கும்ங்கறது உண்மைதான்.

நேர்மையா அளக்க வழியே இல்லாம இல்ல சார். ஆம்புக்கு 2003லயே சிஇஏ 2006னு ஒரு தரம் வந்துடுச்சு, 14.4 வோல்ட்ல, 4 ஓம்ஸ்ல, ஒரு சதவீதத்துக்கு மேல சிதையாம எவ்வளவு குடுக்குதுன்னு அளந்து போடணும்னு அதுல இருக்கு. ஸ்பீக்கருக்கு அதுக்கும் முன்னாடியே, 1984ல ஏஇஎஸ் 2ன்னு ஒண்ணு, உச்சம் சராசரியை விட 6 டெசிபெல் மேல இருக்கற மாதிரி ஒரு இரைச்சலை ரெண்டு மணி நேரம் விடாம குடுத்து நிரந்தரமா பழுதாகாம இருந்தாத்தான் அந்த வாட்ஸ். ரெண்டு மணி நேரம். பீக் பவருக்கு இப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது, அதனாலதான் ஆளாளுக்கு ஒரு நம்பர் போடறாங்க. ஒழுங்கான கம்பெனிங்க ஆர்எம்எஸ்ஸையும் பெட்டி மேலயே போடறாங்க, அவங்களை குறை சொல்லல.

உங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். உங்க பக்கத்துல ஒரு சப்வூஃபரோ ஆம்போ வந்தா, உங்க நிருபர்கள் எழுதினதா இருந்தா ஆர்எம்எஸ் எவ்வளவு, எத்தனை ஓம்ஸ்லன்னு கண்டிப்பா கேட்டு போடச் சொல்லுங்க. விளம்பரமா இருந்தா, பீக் நம்பர் எந்த சைஸ்ல இருக்கோ அதே சைஸ்ல ஆர்எம்எஸ் நம்பரையும் போடணும்னு குடுக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. முடியாதுன்னு சொல்ற கம்பெனியை வாசகர்களே புரிஞ்சுப்பாங்க. ஃபிட்டிங் பண்ற தம்பிங்களும் உங்க பேப்பரை படிக்கறாங்க, ஒரு மல்டிமீட்டரை எடுத்து கெயினை செட் பண்ணிக் குடுக்க அஞ்சு நிமிஷம் ஆகும், அதை செய்யச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தி போட்டாலும் நல்லது.

எரிஞ்ச சப்போட கூட்டை நான் தூக்கிப் போடல, மேக்னட்டும் ஃப்ரேமும் நல்லாத்தான் இருக்கு, புது காயில் போட்டு கோன் கிட் மாத்த முடியுமான்னு பாத்துட்டு இருக்கோம். பையன் இந்த தடவை கெயினை அவனே மீட்டர் வச்சு செட் பண்றேன்னு சொல்லியிருக்கான், 24.5 வோல்ட்டுன்னு ஆம்ப் மேலயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வச்சுட்டான்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகன்